மின்விசிறியை நிறுத்திவிட்டுப் படம் கேட்டவர்கள்

அந்த வீட்டில் படம் போடுவதற்கு முன்னால் மின்விசிறியை நிறுத்துவார்கள். அடுத்து ஜன்னல்களை அடைத்துத் திரைச்சீலையை இழுப்பார்கள். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் கொண்டுபோய்ப் படுக்கையறை மெத்தையில் குப்புறப் போடுவார்கள். ஏர்கான் இருந்தது, ஆனால் அது இரைகிறதென்று போடமாட்டார்கள். பாசிர் கூடாங் வெயிலில், மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு, அடைத்த கூடத்துக்குள் ஆண்கள் வேர்த்து ஒழுகிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். டிஸ்க் உறையை எடுத்து விசிறிக்கொள்ளலாமென்றால் அதற்கும் தடை. உறை படபடக்குமாம்.

நான் அந்த வீட்டுக்கு முதலில் போனது ஒயர் இழுக்க. ஜொகூர் பாருவில் ஒரு கடைக்காக வீடு வீடாகப் போய் ஹோம் தியேட்டர் மாட்டிக் கொடுக்கும் வேலை. கூரைக்குள் ஏறி, தூசிக்குள் தவழ்ந்து, ஒயரைச் சுவருக்குள் இறக்கி, ஸ்பீக்கரைத் தொங்கவிட வேண்டும். அதற்கு முன் என்னென்னவோ செய்தேன். படிப்பு மூன்றாம் படிவத்தோடு நின்றது. சிம்பாங் ரெங்கம் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் குலை சுமந்தேன். ஆயர் ஈத்தாமில் பூச்சாடி விற்கும் கடையில் லாரி ஏற்றியபோது ஒரு விரல் நசுங்கியது. விரல் பிழைத்தது, நகம் வரவில்லை. பிறகு இதே பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை ஷிப்ட். சில வருடங்கள் விடியுமுன் மோட்டார்சைக்கிளில் சிங்கப்பூர் போய் வந்தேன். எந்த இடத்திலும் என்னை யாரும் விரட்டவில்லை. இருக்க முடியாமல் நானே கிளம்பிவிடுவேன். ஒயர் வேலை பிடித்ததற்குக் காரணம், தினம் வேறு வேறு வீடு.

இந்த வீட்டுக்காரரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். வேலைக்காலம் முழுக்க ஒரு ரசாயன ஆலையின் கம்ப்ரஸர் கொட்டகையில் இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு அவரைத் தேடி ஆட்கள் வந்ததென்றால் அது அவருடைய காதுக்காகத்தான். அக்கம்பக்கத்துத் தாமான் குடியிருப்புகளில் யாராவது புது டிஸ்க் வாங்கினால், "அண்ணன் கேட்டுட்டாரா, என்னா சொன்னாரு?" என்று விசாரிப்பார்கள். இப்போது படம் எல்லாம் போனிலேயே வந்துவிடுகிறது, டிஸ்க் விற்ற கடைகளில் பாதி போன் உறை விற்கின்றன. ஆனாலும் டிஸ்க்கை விடாத ஒரு கூட்டம் இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து பழையது வாங்கி வருவார்கள், இணையத்தில் சொல்லிவைத்து மாதக்கணக்கில் காத்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, எப்போதாவது போய் உட்காரும் என்னைத் தவிர, தவறாமல் வருபவர்கள் இரண்டு பேர். ஒருவர் பாய். கடையாத்தம்மன் கோயில் திருப்பத்தில் ரெஸ்டாரன் வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம். இன்னொருவர் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுபவர், அவரை எல்லாரும் டிரைவர் என்றே அழைப்பார்கள். பாய் வரும்போது பிளாஸ்டிக் பையில் தே தாரிக் என்னும் நுரைத்த பால் தேநீர் கட்டிக்கொண்டு வருவார். படம் ஓடும்போது குடிக்கக் கூடாது, உறிஞ்சும் சத்தம் கேட்கும். பையெல்லாம் ஜன்னல் கம்பியில் தொங்கி ஆறிக்கொண்டிருக்கும்.

அந்தத் தேநீரிலிருந்துதான் அவர்கள் தீர்ப்புச் சொல்லும் முறையும் வந்தது. நல்ல டிஸ்க் என்றால் 'காவ்'. கடையில் சாயம் இறங்கிய கெட்டித் தேநீருக்குச் சொல்கிற சொல். சுமாரானது 'பியாசா'. மோசமானது 'தண்ணி'. படத்துக்கு ஒன்று, சத்தத்துக்கு ஒன்று, தனித்தனியாகச் சொல்ல வேண்டும். "படம் காவ், சத்தம் தண்ணி" என்றால் அந்த டிஸ்க்கின் கதை முடிந்தது. நடிகர் யார், கதை என்ன என்பதெல்லாம் அங்கே பேச்சே இல்லை. மூன்று முறை ஒரே படத்தைப் பார்த்துவிட்டு, கடைசியில் வில்லன் செத்தானா இல்லையா என்று டிரைவர் என்னிடம் கேட்டிருக்கிறார்.

ஆளுக்கொரு சோதனை வைத்திருந்தார்கள். டிரைவருக்குக் கறுப்பு. இருட்டுக் காட்சி வந்தால் சோபாவிலிருந்து இறங்கித் திரைக்குப் பக்கத்தில் குந்திவிடுவார். கறுத்த சுவருக்கு முன்னால் நிற்பவனின் தலைமுடி தனியாகத் தெரிகிறதா, அல்லது எல்லாம் ஒரே தார் பூசினதாகிக் கட்டம் கட்டமாக உடைகிறதா என்று பார்ப்பார். பழைய படங்களைச் சுத்தம் செய்து புதிதாக விடுகிறார்களே, அதில் பிலிமுக்கே உரிய மணல் மணலான புள்ளிகளைத் துடைத்துவிட்டால் முகமெல்லாம் மெழுகாகிவிடும். "மூஞ்சிக்கு மாவு பூசிட்டானுங்க" என்று எழுந்து வந்துவிடுவார். பாய்க்கு வசனம். சண்டைக்கு நடுவே பேசுகிற வார்த்தை புரிய வேண்டும், அவ்வளவுதான். அண்ணனுக்கோ பின்னாலிருந்து வருவது. இலை அசைவது, தூரத்துப் பூச்சி, தெருவில் யாரோ செருப்பை இழுத்து நடப்பது. "முன்னாடி வர்ற சத்தத்தை எவன் வேணாலும் குடுப்பான் தம்பி. பின்னாடி ஒண்ணுமில்லாத எடத்துல என்னா வெச்சிருக்கான்னு பாக்கணும்" என்பார்.

நான் சில மாதங்களாகப் போகாதிருந்தபோது ஒரு நாள் அவர் கடைக்குப் போன் செய்து என்னைக் கேட்டார். "பின்னாடி ரெண்டும் செத்துக்கிட்டு வருது தம்பி. வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். கழற்றிச் சோதித்தேன், வலது இடது மாற்றிப் போட்டேன், ஒயரைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை தடவி வந்தேன். ஒரு கோளாறும் இல்லை. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஆம்ப்பின் அளவுகளைத் திறந்தபோது மட்டும் கொஞ்சம் திடுக்கிட்டேன். நான் வைத்துவிட்டுப் போனது எதுவும் அப்படியே இல்லை. பின் ஸ்பீக்கர்கள் உச்சத்துக்குப் பக்கத்தில் இருந்தன. கூர்மையான சத்தங்களையும் ஏற்றி ஏற்றி மேலே கொண்டுபோயிருந்தார். ஒரு படத்தைப் போட்டதும் 'ச' வருகிற இடமெல்லாம் காதில் ஊசி குத்தியது. அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றுமே நடக்காதது போல உட்கார்ந்திருந்தார்.

"பாத்தீங்களா? செத்துப்போயி கெடக்கு" என்றார். "இப்ப வர்ற டிஸ்க்கும் சரியில்ல. ஒண்ணுலயும் காத்து இல்ல. இது சரியாவலன்னா எல்லாத்தையும் வித்துட்டு சும்மா இருந்துடலாம்னு பாக்குறேன்."

ஒயரை மாற்றிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். போர்ட்டிகோவுக்கு வெளியே கொடியில் அவர் மனைவி துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"விக்கச் சொன்னாரா?"

"சும்மா சொல்லியிருப்பாருக்கா."

"சும்மா இல்ல தம்பி. ரிட்டையர் ஆன புதுசுல எப்படி இருந்தாருன்னு ஒங்களுக்குத் தெரியாது. காலைல எந்திரிச்சிச் சட்டை பேண்டெல்லாம் போட்டுக்கிட்டுச் சுவரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. சாப்பிடுங்கன்னா சாப்பிடுவாரு. மவன் சிங்கப்பூர்லேர்ந்து பழைய பிளேயர் ஒண்ணு கொண்டாந்து போட்டான், அப்பறந்தான் வாயைத் தொறந்தாரு. இந்த ஞாயித்துக்கெழம போச்சுன்னா மறுபடியும் சுவருதான்."

நான் தலையாட்டினேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நானும் வந்து உட்கார்ந்து கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நான்கு பேர். அக்கா கடைக்குக் கிளம்பினார். போகும்போது வாசலில் நின்று, "துணி காயுது. மழை வந்தா எடுத்துப் போடுங்க. நாலு ஆம்பளைங்க இருக்கீங்க" என்றார். நால்வரும் தலையாட்டினோம். கதவு மூடப்பட்டது, திரை இழுக்கப்பட்டது, கடிகாரம் மெத்தைக்குப் போனது.

பாய் கொண்டுவந்த டிஸ்க். காட்டுக்குள் ஒரு குடிசையில் ஒளிந்திருப்பவனைப் போலீஸ் தேடி வருகிற படம். குடிசைமேல் தூறல் விழுகிறது. பெரிய மழை இல்லை. மெல்லிசாக, விடாமல் பெய்கிற சாரல்.

டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார். "அலமாக்" என்றார் மெதுவாக, வியந்துபோய். "நம்ம ஜன்னலுக்கு வெளியவே பெய்யுற மாரி இருக்கு."

"எடது பக்கம் கொஞ்சம் சாஸ்தி" என்றார் பாய். "கேளு, தகரத்துல விழுறதும் எலையில விழுறதும் தனித்தனியா கேக்குது. சத்தம் காவ். நான் இப்பவே சொல்லிட்டேன்."

உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. அந்த ஊசி ஊசியான சத்தத்துக்கு நடுவிலும் மழை மட்டும் அவ்வளவு இயல்பாக இருந்தது. இந்த வேலையில் எத்தனையோ வீடுகளில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன், அப்படி ஒரு பின்பக்கச் சத்தத்தைக் கேட்டதில்லை. அண்ணன் மட்டும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தார்.

குடிசைக்காரன் பிடிபட்டான். அடுத்த காட்சி கோர்ட். நீதிபதி உட்கார்ந்திருக்கிறார், வக்கீல் எழுந்து பேசுகிறார். மழை அப்படியே பெய்துகொண்டிருந்தது.

பாய் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, "இது என்னா படம்யா? கோர்ட்டுக்குள்ள மழை பெய்யுது?" என்றார்.

"கூரை ஒழுகுதோ என்னமோ" என்றார் டிரைவர், கண்ணைத் திறக்காமலே.

எனக்குத்தான் முதலில் உறைத்தது. "துணி!" என்று கத்திக்கொண்டு எழுந்தேன். மூன்று பேரும் கதவில் இடித்துக்கொண்டு ஓடினோம். எல்லாம் நனைந்து சொட்டச் சொட்டத் தொங்கியது. பாய் ஒரு போர்வையை இழுக்கப் போய்க் கொடியே அறுந்து அவர் தலைமேல் விழுந்தது. போர்வைக்குள்ளிருந்து, "சத்தம் காவ்னு சொன்னவன் எவன்டா?" என்று அவரே கத்தினார். டிரைவர் சிரித்துச் சிரித்துத் தூணைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு நாங்கள் மெச்சியதில் பாதி டிஸ்க்கில் இருந்த மழை இல்லை. பாசிர் கூடாங் மழை.

ஈரத் துணியைச் சுமந்துகொண்டு உள்ளே வந்தபோது அண்ணன் படத்தை நிறுத்திவைத்துவிட்டு ரிமோட்டோடு நின்றிருந்தார்.

"எங்க ஓடுனீங்க எல்லாரும்?"

"மழை மாப்ளே! வெளிய மழை!" என்றார் பாய். அண்ணனை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"என்னா மழை? நானும் அப்பலேர்ந்து பாக்குறேன், மழை மழைங்கிறீங்க. பின்னாடி ஒண்ணுமே வரல. அதைத்தானே நான் தம்பிகிட்ட சொல்லிக்கிட்டிருக்கேன்."

படம் நின்றிருந்தது. மின்விசிறி ஓடவில்லை. கதவு அகலத் திறந்திருந்தது. கூடம் முழுக்கச் சாரலின் சத்தம்தான் இருந்தது. எங்கள் மூன்று பேருக்கும்.

பாய் போர்வையை மடிப்பது போல ஏதோ செய்தார். அண்ணன் எங்களைத் தாண்டிப் போர்ட்டிகோவுக்குப் போனார். தகரக் கூரை விளிம்பிலிருந்து நீர் இழையாக இறங்கியது. அதைப் பார்த்தார். கையை நீட்டினார். உள்ளங்கையில் தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்துக் காதைக் கொடுத்தார். பிறகு மறு பக்கம் சாய்த்தார். அப்போதுதான் அக்கா குடையோடு கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். துணியைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தவர், புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டுக் குடையை மடக்கி அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் யாரையும் வரச் சொல்லவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. பிறகு அக்கா எனக்குப் போன் செய்தார். "எல்லாத்தையும் கழட்டிட்டுப் போகச் சொல்றாரு தம்பி. வாங்க. ஆனா கழட்டாதீங்க" என்றார். அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

போனேன். அண்ணன் சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு சுத்தமாக உட்கார்ந்திருந்தார். அக்கா முன்னமே சொல்லியிருந்ததால் அந்தச் சட்டைக்கு என்ன அர்த்தமென்று எனக்குத் தெரியும். ஏணியை விரித்து வைத்தேன், ஏறவில்லை.

"ஸ்பீக்கர்ல ஒண்ணுமில்லண்ணே" என்றேன். "அன்னிக்கே பாத்துட்டேன். காதுதான்."

"தெரியும்" என்றார்.

"தெரிஞ்சுதான் கூப்பிட்டீங்களா?"

"ஒங்க வாயால ஸ்பீக்கர்தான்னு சொல்லிருவீங்களோன்னு பாத்தேன்." கொஞ்சம் சிரித்தார். "கொட்டகையில காதுக்கு ரப்பர் குடுப்பாங்க. நான் அதைக் கழுத்துலதான் போட்டிருப்பேன். காதுல வெச்சா மெஷின் பேசுறது கேக்காதுல்ல? எந்த வால்வு எளக்கமா இருக்குன்னு தூரத்துலேர்ந்தே சொல்லுவேன். இஞ்சினியருங்க வந்து என்னையத்தான் நிறுத்திக் கேக்கச் சொல்லுவாங்க. நல்ல காதுன்னு பேரு எடுத்தது அங்கதான். போனதும் அங்கதான்."

எனக்கும் வலது காதில் ஒரு ரீங்காரம் உண்டு, ஷிப்ட் வேலைக் காலத்தில் வந்தது. அதை அவரிடம் சொன்னேன். இரவில் அது இல்லாமல் எனக்கு இப்போது தூக்கம்கூட வராது என்று சொன்னேன். அவர் அதைப் பற்றி நிறையக் கேட்டார். எந்த மாதிரிச் சத்தம், மேல் சுருதியா கீழா, படுத்தால் கூடுமா. டிஸ்க்கைப் பற்றிப் பேசுகிற அதே குரலில் பேசிக்கொண்டிருந்தோம். கடைசியில் நான், "கழட்டுறது ஒரு மணி நேர வேலை. திரும்ப மாட்டுறது எனக்கு முதுகு ஒடிஞ்சிடும். மொதல்ல காதை டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க. அப்பறமும் கழட்டச் சொன்னா கழட்டுறேன்" என்றேன். அக்கா அடுத்த வாரமே அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

காது மெஷின் வந்தது. கழட்டவா என்று நானும் கேட்கவில்லை, கழட்டு என்று அவரும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மற்றவர்கள் வருவதற்கு முன்னால் வந்துவிடச் சொன்னார். இரண்டு காதுக்குப் பின்னாலும் சின்னதாக ஒட்டிக்கொண்டிருந்தது. "சமையக்கட்டுல பிளாஸ்டிக் பை பிரிச்சா வெடி வெடிக்கிற மாரி கேக்குது தம்பி" என்றார். "சரி, படத்தைப் போடுங்க."

போட்டேன். முதல் வசனத்துக்கே தோளைச் சுருக்கினார். அடுத்த வசனத்துக்குப் பல்லைக் கடித்தார். கண்ணாடி உடைகிற காட்சி வந்ததும் ரிமோட்டைப் பிடுங்கி நிறுத்திவிட்டார்.

"என்னா இது?"

"நீங்க வெச்சிருக்கிற அளவுண்ணே."

"எத்தினி நாளா இப்படி இருக்கு?"

"நான் வந்து பாத்தப்பவே இப்படித்தான்."

அவர் சோபாவில் சாய்ந்துகொண்டார். "இதையா இவனுங்க வாராவாரம் வந்து கேட்டுட்டுப் போனானுங்க? நான் தண்ணின்னா தண்ணி, காவ்னா காவ்னு?"

அந்த நேரம் பார்த்து பாயும் டிரைவரும் தேநீர்ப் பைகளோடு உள்ளே வந்தார்கள். அண்ணன் எழுந்திருக்கவில்லை.

"பாய், உண்மையைச் சொல்லு. இந்தச் சத்தம் எப்படி இருந்துச்சி ஒனக்கு?"

பாய் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"பல்லு கூசும் மாப்ளே" என்றார் பாய். "ஊட்டுக்குப் போயிம் கூசும். பொண்டாட்டி பேசுனாக்கூட விசில் அடிக்கிற மாரி இருக்கும்."

"டிரைவர், நீங்க?"

டிரைவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். பஞ்சு.

"நான் கேட்டுல நுழையறப்பவே வெச்சிக்குவேன்" என்றார். "எனக்குப் படம்தானே, பாத்தாப் போதும். அன்னிக்கி மழைகூட பஞ்சைத் தாண்டித்தான் கேட்டுச்சி."

"ஏன்யா ஒருத்தனும் சொல்லல?"

"சொன்னா நீ கடையைச் சாத்திருவே" என்றார் பாய். "ஞாயித்துக்கெழம நான் எங்க போறது? ரெஸ்டாரன்ல உக்காந்தா வேலைதான் பாக்கணும்."

அண்ணன் பஞ்சுப் பொட்டலத்தை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தார். சமையலறை வாசலில் அக்கா நின்றிருந்தார். எனக்கு அந்த இடத்தில் நிற்கப் பிடிக்கவில்லை. ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்தது. ஆம்ப்பின் முன்னால் உட்கார்ந்து அளவுகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினேன். ஒரு படி இறக்கிவிட்டு பாயைப் பார்ப்பேன், அவர் தலையாட்டும்வரை இறக்குவேன். பின் ஸ்பீக்கருக்கு டிரைவரைக் கேட்டேன். பஞ்சில்லாமல் முதன்முறையாகக் கேட்பதால் அவர் எல்லாவற்றுக்கும் "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்றார். அண்ணனிடம் கேட்டேன்.

"எனக்கு எல்லாம் பால் டின்னுக்குள்ள பேசுற மாரிதான் கேக்குது" என்றார். "இந்த மெஷின்ல சத்தத்துக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. நீங்க சொல்லுங்க. நான் படத்தைப் பாத்துக்குறேன்."

"படம் என் டிப்பார்ட்மெண்டு" என்றார் டிரைவர், கொஞ்சம் உஷாராக.

"ஒங்க கறுப்பை நீங்களே வெச்சிக்குங்க. எனக்கு மூஞ்சி."

அன்றைக்குப் போட்டது பழைய குடும்பப் படம் ஒன்றின் புது டிஸ்க். படம் முடிந்து தேநீர்ப் பையில் ஸ்ட்ராவைச் செருகிக்கொண்டிருந்தோம். வழக்கமாக முதலில் அண்ணன்தான் சொல்வார், மற்றவர்கள் அதை ஒட்டிச் சொல்வார்கள். அன்று பாய் முந்திக்கொண்டார்.

"சத்தம் காவ்."

"தண்ணி" என்றார் அண்ணன். சொல்ல மாட்டேன் என்று சொல்லி ஒரு படம் ஓடி முடிகிற நேரம்தான் ஆகியிருந்தது. "அம்மாகாரி அழுவுற எடத்துல பின்னாடி ஒரு கொசுச் சத்தம்கூட வைக்கல."

"ஊட்டுக்குள்ள அழுவுறா, பின்னாடி சுவருதானே இருக்கும்? சுவரு பேசுமா?" என்றார் பாய்.

"தெருவுல இருக்குற ஊடுலா. தெரு இருக்கும்ல?"

"பியாசா" என்றார் டிரைவர்.

"ஒங்கள யாரு கேட்டா, பஞ்சு!" என்றார் அண்ணன்.

"மாப்ளே, ஒன் காது இப்ப பேட்டரி காது" என்றார் பாய். "சார்ஜ் போட்டுட்டு வந்து பேசு."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அந்தக் கூடத்தில் அண்ணனின் தீர்ப்பை யாரும் மறுத்து நான் கேட்டதில்லை. அண்ணன் முகம் சிவந்து எழுந்தார். தேநீர்ப் பையை ஜன்னல் கம்பியில் மாட்டினார். ரிமோட்டை எடுத்தார்.

"அந்த எடத்தை மறுபடியும் போடுறேன்" என்றார். "ஒருத்தனும் வாயைத் தொறக்கக் கூடாது. கேட்டுட்டு அப்பறம் சொல்லு, காவா தண்ணியான்னு."

மூன்று முறை போட்டார். மூன்று முறையும் பாய் காவ் என்றார்.